இலை குத்திய சிலுவை

என் தொழில் பாத்திரம். காரைக்காலில் கடையில் எடுத்து, கூடையில் அடுக்கி, பஸ் ஏறி, ஊர் ஊராக இறங்கி விற்றேன். காசுக்கும் கொடுப்பேன், பழைய பட்டுப்புடவைக்கும் ஓட்டைப் பித்தளைக்கும் மாற்றியும் கொடுப்பேன். யாரிடமும் கை நீட்டாமல் என் பிள்ளைகளை அதிலேயே ஆளாக்கினேன்.

பேர் வெட்டவும் எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். எழுத்தெல்லாம் கைக்கு வந்தது பாத்திரத்தில்தான். கடைக்காரர் பேர் வெட்டுகிற மிசினைக் கொடுத்து, காகிதத்தில் எழுதிக் காட்டுவார், நான் பார்த்துப் பார்த்து எவர்சில்வரில் போடுவேன். பேனா பிடித்தால் இன்றைக்கும் கை நடுங்கும், அதனால் இதை எழுதவே பல நாள் ஆகிறது. மிசின் பிடித்தால் நடுங்காது. நான் பேர் வெட்டின குடம் அம்பகரத்தூரில் பத்து வீட்டிலாவது இருக்கும். எழுத்து தேய்ந்திருக்காது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பழைய பித்தளை வாங்கப் போனால் அதோடு பதக்கமும் வரும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். அவனுடைய பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாம் சண்டைக்குச் சைகோன் போன ஆள் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. போனவர் செத்த பிறகு அந்தப் பதக்கம் அரிசிப் பானைக்குள் கிடக்கும், இல்லையென்றால் பூட்டில்லாத டிரங்குப் பெட்டியில் பழைய சாவியோடு கிடக்கும். மருமகள் வந்து வீட்டை ஒழிக்கும்போது பழைய பித்தளையோடு சேர்த்து என் கூடையில் போட்டுவிடுவாள்.

என் அப்பாவும் சைகோன் போனவர்தான். இருமிக்கொண்டே திரும்பி வந்து, எனக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்தார். அவருக்கும் ஒரு பதக்கம் இருந்தது. அதை அம்மா பித்தளைக்காரனிடம் போட்டு ஒரு தூக்குச்சட்டி வாங்கினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கஞ்சி எடுத்துப்போக ஏனம் இல்லை. ஆனால் பாத்திரக்காரியான பிறகு என் கூடையில் வந்து விழுகிற ஒவ்வொரு பதக்கத்தையும் எடுத்துப் பார்க்கும்போது, இது அவருடையதாக இருக்குமோ என்று நினைப்பேன். கண்டுபிடிக்க வழியே இல்லை. எல்லாம் ஒரே அச்சு.

அப்படித்தான் நான் அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தேன். வந்ததை உருக்கப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். ஒரு நோட்டு போட்டேன். எந்த ஊர், எந்த வீடு, போனவர் திரும்பினாரா இல்லையா, காகிதம் இருக்கிறதா, இவ்வளவுதான் எழுதுவேன். காகிதம் இருந்தால் கேட்டு வாங்கி, காரைக்காலில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒரு சாரிடம் காட்டுவேன். அவர் ஆபீசில் பழைய பத்திரங்கள் பார்த்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படிப்பார்.

அவர்தான் எனக்குச் சொன்னார், இங்கிலீஷ்காரன் சில பதக்கத்தில் ஓரத்திலேயே வாங்கினவன் பேரை வெட்டிக் கொடுப்பானாம். பிரெஞ்சுக்காரன் வெட்ட மாட்டானாம். அவனுக்குக் காகிதம்தான் பேர். காகிதம் போய்விட்டால் பதக்கம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஊர் மழைக்கும் கரையானுக்கும் எந்தக் காகிதம் நிற்கும்? அப்பாவுடையதும் அப்படித்தானே போனது என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு எரிந்தது.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். கொடுக்க மனசில்லாதவர்கள் வீட்டுப் பதக்கத்தை வாங்கிவந்து, பின்பக்கம் வாங்கினவர் பேரை வெட்டி, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். குடத்தில் வெட்டுவது போலத்தான். பேர் இருந்தால் எந்த மருமகளும் பழைய பித்தளையோடு தூக்கிப் போட மாட்டாள்.

சாருக்கு அது பிடிக்கவில்லை. “அக்கா, வெவரம் தெரிஞ்சவன் இத இனிமே கையால தொட மாட்டான். பதக்கத்துல ஒரு கீறல் விழக் கூடாதுங்க.”

“விக்கவா சார் வெட்டுறேன்? பேர் வெட்டுனா கொடத்துல தண்ணி நிக்காமப் போயிடுமா?”

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

விழிதியூரில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, பாத்திரம் வாங்கிய பழக்கம்தான். கல்யாணமாகி எட்டாம் மாசம் அவர் புருஷன் கப்பல் ஏறினார். ஆள் வரவில்லை, உடம்பும் வரவில்லை. வைக்கோலில் உருவம் செய்து அதைத்தான் கொளுத்தினார்களாம். அப்புறம் எவ்வளவோ நாள் கழித்து ஆபீஸ் ஆள் ஒருவர் ஒரு காகிதமும் சிலுவை மாதிரி ஒரு பதக்கமும் கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தில் என்ன இருக்கிறதென்று படித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஒரு புயலில் கூரையோடு அது போய்விட்டது. மிச்சம் இருந்தது சிலுவை ஒன்றுதான். கொழுந்தன் வீட்டிலேயே காலம் தள்ளினார். சிலுவையைத் தலைமாட்டில் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

அதை வாங்கிவரப் போன அன்றைக்கே அம்பகரத்தூரிலும் ஒருவரிடம் இன்னொரு சிலுவை வாங்கினேன். அவர் சைகோனிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தவர். ஆறடி ஆள், மீசை, கனத்த குரல். காரைக்காலில் போர் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிற நாளில் முன்வரிசையில் நிற்பார். சிலுவையை என் கையில் வைத்துவிட்டு சண்டைக் கதை சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேனே ஒழிய சிலுவையைப் பார்க்கவில்லை. பெரியம்மா துணியோடு கொடுத்ததை, மரியாதைக்கு, அங்கே பிரித்துப் பார்க்கவும் இல்லை.

வழியில் நல்ல மழை. வீட்டுக்கு வந்து, நனைந்த துணியைப் பிரித்துக் காயப் போட்டு, இரண்டையும் எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சிலுவை, ஒரே மாதிரி வெளுத்துப்போன நீல ரிப்பன். ஒன்றின் ரிப்பனில் மட்டும் சின்னதாக ஒரு வெண்கல இலை குத்தியிருந்தது. இன்னொன்றில் ஒன்றுமில்லை, ஏதோ குத்தியிருந்து விழுந்த மாதிரி இரண்டு ஓட்டை.

எது எந்த வீட்டுது? மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், பாத்திரக்காரி மாற்றிப் போட்டுவிட்டாள் என்று பேச்சாகிவிடும். அதுவரை ஒரு மூடிகூட வீடு மாற்றிக் கொடுத்தவள் இல்லை நான். யோசித்தேன். இலை வைத்தது ஒசத்தி. ஒசத்தியானது அந்த ஆறடி மனுஷனுடையதாகத்தான் இருக்கும். கப்பல் ஏறிப் போன வருஷமே செத்துப்போன சின்னப் பையனுக்கு யார் இலை வைத்துக் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

இலை வைத்ததில் அம்பகரத்தூர்க்காரர் பேரை வெட்டினேன். மொட்டையாக இருந்ததில் பெரியம்மாவின் புருஷன் பேரை வெட்டினேன். இரண்டும் அழகாக வந்திருந்தது.

அம்பகரத்தூர்க்காரரிடம் முதலில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இலையை இரண்டு மூன்று தடவை தடவினார். திருப்பி, பேரைப் பார்த்தார். “நல்லா வெட்டியிருக்கே” என்றார். காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுத்ததில்லை.

விழிதியூரில் பெரியம்மா சிலுவையை வாங்கி ரிப்பனில் விரலை ஓட்டினார்.

“இதுல ஒரு எல இருக்குமேடி. எங்க அது?”

மாற்றிவிட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. “ரிப்பன் மக்கிப் போச்சுல்ல பெரியம்மா, எங்கயாவது விழுந்திருக்கும். இந்தாங்க, குத்துன ஓட்ட இருக்கு பாருங்க. பின்னாடி பாருங்க, உங்க வீட்டுக்காரர் பேரு.”

அவருக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்தன் மகன் வாங்கி, எழுத்துக் கூட்டி, பெரியப்பா பேரைச் சத்தமாகப் படித்தான். வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பெரியம்மா அந்த ஓட்டையை இன்னொரு தடவை தடவிவிட்டு, “சரி” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். இலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அம்பகரத்தூர் போகிற பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன், கேட்காமல் திரும்புவேன். அந்த ஆறடி மனுஷனும் செத்துப்போனார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். என்னை மாதிரி அவரும் வாயை மூடிக்கொண்டார்.

கூடை தூக்குவதை விட்டுப் பல வருஷமாகிறது. பதக்க நோட்டை மட்டும் விடவில்லை. பெரியம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்கிவிட்டது, கண் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. போன வருஷம் படுத்த படுக்கையானார். பார்க்கப் போனபோது என்னிடம் ஒன்று சொன்னார். “அவர எரிக்கக் கூட எனக்குக் கெடைக்கல. இந்தச் சிலுவையாச்சும் என் நெஞ்சு மேல வச்சு எரிக்கச் சொல்லிட்டேன். அவரும் நானும் ஒண்ணாப் போனதா இருக்கட்டும்.” கொழுந்தன் மகனும் தலையாட்டினான்.

வேறு ஒருவர் சிலுவையோடு எரியப்போகிறாரே என்றிருந்தது எனக்கு. மறுநாளே சாரிடம் போனேன். இந்த இரண்டு பேருடைய காகிதமும் பிரெஞ்சு நாட்டில் இருக்குமா, எழுதிக் கேட்க முடியுமா என்று கேட்டேன். ஏன் அவசரம் என்றார். சும்மாதான் என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்று மாசம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரில் வந்ததைத் தாளில் எடுத்து வைத்திருந்தார். அம்பகரத்தூர்க்காரருக்கு அவர் ரெஜிமெண்டு மட்டும் கொடுத்த பாராட்டு, ரிப்பனில் ஒரு சின்ன நட்சத்திரம். விழிதியூர்க்காரருக்கு அதைவிட ஒசத்தி, பட்டாளம் முழுசுக்கும் படித்துக்காட்டிய பாராட்டு, செத்த பிறகு கொடுத்தது, ரிப்பனில் இலை.

சார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “எல வச்ச சிலுவை உங்க நோட்டுல யாரு பேர்ல இருக்குங்க அக்கா?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்து, தமிழிலும் எழுதித் தருகிறேன், இருங்க என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்து நேரே அம்பகரத்தூர். அந்த வீட்டில் இப்போது மகன் இருக்கிறார், அவருக்கே பேரன் பேத்தி எடுத்தாயிற்று. சிலுவையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். பேர் தெரிய வேண்டுமென்று பின்பக்கத்தை முன்னால் திருப்பி வைத்து, ரிப்பனை மேலே மடித்து, இலையும் தெரிகிற மாதிரி. நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். தாளைக் காட்டினேன். பெரியம்மா படுத்திருப்பதையும், நெஞ்சு மேல் வைக்கச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யக்கா, நீங்களே வெட்டுன பேரு. இப்ப நீங்களே இல்லேங்கிறீங்க.”

“ஆமாந் தம்பி. தப்பா வெட்டிட்டேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “வயசாயிடுச்சுல்ல, நெனப்பு தடுமாறும்” என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. அந்த வார்த்தையை வேறு நாளில் யாராவது சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு நின்றேன்.

டப்பாவில் நான் சேர்த்த பதக்கம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கிறேன், இது ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் யாரோ எவரோ வாங்கினது, எனக்கு எதுக்கு என்றார். சரி, சிலுவை இருக்கட்டும், அந்த இலையையாவது கழற்றிக் கொடுங்கள் என்றேன். அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“எல எப்படிக் கெடைச்சுதுன்னு எங்கப்பா ஊர் பூரா சொல்லிட்டுப் போயிருக்காரு. நானும் வருஷா வருஷம் அந்தத் தூண் முன்னாடி நின்னு சொல்றேன். இப்பக் கழட்டிக் குடுத்தா எங்கப்பா பொய் சொன்னாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். செத்தவர ஏங்க்கா திரும்பக் கொல்லச் சொல்றீங்க?”

தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் அப்பாவுக்கும் நெஜமாக ஒரு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது, அதுவும் சும்மா வந்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பஸ்ஸில்தான் தோன்றியது.

விழிதியூர் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெரியம்மா விழித்துத்தான் இருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல், “பெரியம்மா, அந்தச் சிலுவை” என்றேன்.

“அவரோடது இல்ல. அதானே?”

அவர் முகத்தைக் கூரைப் பக்கம் வைத்தபடியே பேசினார்.

“நீ கொண்டாந்து குடுத்த அன்னிக்கே என் வெரலுக்குத் தெரிஞ்சு போச்சுடி. அந்த எல அப்படி லேசுல விழாது. நாப்பது வருஷம் தடவியிருக்கேன். ஆனா நீ படிச்சுச் சொன்னே, அவன் படிச்சுச் சொன்னான், எல்லாரும் அவரு பேருதான்னீங்க. எழுத்துத் தெரிஞ்சவங்க இத்தன பேர் சொல்றப்ப, என் வெரலு எந்த மூலைக்கு?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்தவள் நான். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். இலை எங்கே இருக்கிறதென்று கேட்டார். சொன்னேன். தர மாட்டார்களா என்றார். மாட்டார்கள் என்றேன். அவர் அழவில்லை. காகிதம் வந்திருக்கிறதா, அதைப் படி என்றார்.

சார் தமிழில் எழுதிக் கொடுத்ததை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஆற்றங்கரையில் ஒரு காவல் கொட்டகை. அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் தூக்கி வந்திருக்கிறார். மூன்றாவது ஆளுக்காகப் போனபோது வயிற்றில் குண்டு. மறுநாள் காலையில் உயிர் போனது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

“மறுநா காலையிலயா?” என்றார்.

“ஆமா பெரியம்மா.”

“அப்ப ராத்திரி பூராக் கெடந்திருக்காரு.”

நான் தாளை மடிக்கப் போனேன்.

“தண்ணி குடுத்தாங்களான்னு போட்டிருக்கா?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லையென்று தெரிந்தும் பார்த்தேன். “போடல” என்றேன்.

அவர் தலைமாட்டில் துழாவி, சிலுவையை எடுத்து என் மடியில் போட்டார். “அவரு பேர இதுலேர்ந்து எடுத்துடு. வேற ஒருத்தனோடது மேல அவரு பேர் இருக்க வேணாம்.”

நாளைக்குச் செய்துகொண்டு வருகிறேன் என்றேன். இப்போதே, இங்கேயே, என்றார். கொழுந்தன் மகன் வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டியிடம் கேட்டு வாங்கின அரமும் உப்புத்தாளும் கொல்லையில் கிடந்த பழசு. தரையில் உட்கார்ந்து, முட்டியில் சிலுவையை அழுத்திப் பிடித்துத் தேய்த்தேன். நான் ஆழமாக வெட்டுகிறவள், சீக்கிரத்தில் போகவில்லை. என் விரல் நகம் தேய்ந்து ரத்தம் வந்தது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். முடிந்ததும் கையில் வாங்கி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போ என்றார்.

அம்பகரத்தூர்க்காரரின் மகனுக்கு, இது உங்கள் அப்பாவுடையது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது.

பெரியம்மா அதற்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்தார். சேதி வந்து நான் போனபோது பந்தலில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, புதுப் புடவை போர்த்தி, வாய்க்கரிசி எல்லாம் முடிந்திருந்தது. கொழுந்தன் மகன் தலைமாட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். துணியை உதறினான், தலையணையைப் புரட்டினான். பெண்டாட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அவள் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் வந்தான்.

“பெரியம்மா நெஞ்சு மேல வைக்கச் சொன்ன சிலுவையக் காணும். உங்களுக்குத் தெரியுமா?”

ஊர் ஜனம் முழுக்க நின்றது. இவர்களில் பாதிப் பேர் வீட்டில் என் எழுத்து இருக்கிறது. அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

“அது உங்க பெரியப்பாவோடது இல்ல தம்பி,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “அவரோடது அம்பகரத்தூர்ல இன்னொருத்தர் பேர்ல இருக்கு. பேர மாத்தி வெட்டினவ நான்தான். தெரிஞ்சும் இத்தன வருஷம் மறைச்சவளும் நான்தான். பெரியம்மாவுக்குத் தெரியும். வைக்க வேணாம்னு அவங்களே குடுத்துட்டாங்க.”

பெண்கள் பக்கம் ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். அவன் குனிந்து பெரியம்மாவின் கையை எடுத்து நெஞ்சில் வைத்தான். அங்கே வைக்க வேறு ஒன்றும் இல்லை.

பறை அடிக்கிறவர் நேரமாகிறது என்றார். தூக்கினார்கள்.